ஒன்பது நாட்களும் ஐந்து கணவாய்களும்

தில்லியில் குடியிருக்கும் ஒரு தகப்பனாரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. இருபத்தாறு வயதான அவருடைய மகன், வேலையிடத்து நண்பர்கள் மூவருடன், ஜூலை மாதத்தில் மணாலியிலிருந்து லே நகரத்திற்கு சைக்கிளில் செல்லத் தீர்மானித்திருக்கிறார். அலுவலகத்தில் ஐந்து நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. முன்னும் பின்னும் உள்ள சனி, ஞாயிறுகளையும் கூட்டினால் ஒன்பது நாட்கள். "தாயார் அழுகிறார். மகனோ, தூரம் ஐந்நூறு கிலோமீட்டர்கூட இல்லையே, தினமும் எழுபது கிலோமீட்டர் மிதித்தால் ஏழு நாளில் முடிந்துவிடுமே என்கிறான். தடுப்பதா, அனுப்புவதா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரரே, அனுப்பி வையுங்கள். ஆனால் ஒன்பது நாள் திட்டத்தோடு அனுப்பாதீர்கள்.

தம்பியின் கணக்கில் தூரம் சரியாகவே இருக்கிறது. ரோஹ்தாங் வழியாகச் சென்றால் மணாலியிலிருந்து லே ஏறக்குறைய 475 கிலோமீட்டர். சமவெளியில் தினம் எழுபது கிலோமீட்டர் என்பது பழகிய கால்களுக்குப் பெரிய காரியமல்ல. இந்தப் பாதையை அளக்க வேண்டிய அளவுகோலோ வேறு. எத்தனை கிலோமீட்டர் மிதித்தோம் என்பதைவிட, இரவில் எந்த உயரத்தில் படுத்து உறங்கினோம் என்பதுதான் அங்கே சரீரத்தின் சுகத்தைத் தீர்மானிக்கிறது.

மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இப்பாதை மூன்று மலைத்தொடர்களைக் கடக்கிறது. முதலாவது பீர்பஞ்சால் தொடர். அதைக் கடக்கும் ரோஹ்தாங் கணவாய் 3,978 மீட்டர். அடுத்து இமயத்தின் பெருந்தொடர். அதில் ஏறத்தாழ 4,890 மீட்டரில் பாராலாச்சா லா. அதற்கப்பால் சன்ஸ்கார் தொடரின் பக்கம் நக்கீ லா, லாச்சுலுங் லா, கடைசியாகத் தங்லங் லா. லாச்சுலுங் லா 5,000 மீட்டரைத் தாண்டியது; தங்லங் லா 5,300 மீட்டரையும் தாண்டியது. 'லா' என்றால் அந்நாட்டு மொழியில் கணவாய் என்றே பொருள். தங்லங் லாவின் உச்சியில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். வழிக் கடைகளில் தொங்கும் சிப்ஸ் பொட்டலங்கள் வெடிக்கப்போகும் பலூன்களைப்போல உப்பியிருப்பதைப் பார்த்தால் இந்தப் பாடம் ஒரு நொடியில் விளங்கும். ஒவ்வொரு மூச்சிலும் பாதி பிராணவாயுவோடு சுமையேற்றிய சைக்கிளை மேட்டில் மிதிக்க வேண்டும்.

சரீரம் இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அவசரப்படாது. 3,000 மீட்டருக்கு மேலே சென்றபின், படுக்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது மலைநோய் பற்றி எழுதும் மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் விதி. பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினாலும் அவ்வளவு பாதகமில்லை. இரவுதான் கணக்கு.

இப்போது தம்பியின் அட்டவணையைப் பாருங்கள். ஞாயிறன்று மணாலியில் மிதிக்கத் தொடங்கி, அன்றிரவு மார்ஹி. திங்கள் ரோஹ்தாங்கைக் கடந்து இறங்கிக் கேலாங். செவ்வாய் இரவு ஜிங்ஜிங்பார். கேலாங் 3,100 மீட்டரை ஒட்டியது. ஜிங்ஜிங்பாரோ 4,200 மீட்டருக்கு மேலே. ஒரே இரவில் 1,100 மீட்டர்! அதன்பின் புதன் சர்ச்சு, வியாழன் பாங். பாங் 4,600 மீட்டர் அளவில் இருக்கிறது. மணாலியை விட்ட ஐந்தாம் இரவில், மோண்ட் பிளாங்க் சிகரத்திற்கு ஓர் இருநூறு மீட்டர் மட்டுமே குறைவான உயரத்தில் நால்வரும் படுத்திருப்பார்கள். திடகாத்திரமான வாலிபர்களுக்கு இது வராது என்று எண்ண வேண்டாம். மலைநோய்க்கும் கால்வலிமைக்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் வலிமையுள்ளவனே வேகமாய் மேலேறிப் போய் முதலில் விழுகிறான்.

இந்தப் பாதையில் இன்னொரு கண்ணியும் உண்டு. தலைவலியும் வாந்தியும் வந்தால் கீழே இறங்கிவிடலாமே என்று யாரும் சொல்வார்கள். சர்ச்சுவைத் தாண்டியபின் "கீழே" என்று ஓர் இடமே கிடையாது. பாங்கில் ஒருவர் நோயுற்றால், தெற்கே திரும்ப லாச்சுலுங் லாவை ஏறவேண்டும். வடக்கே போக மோரே சமவெளியைக் கடந்து தங்லங் லாவை ஏறவேண்டும். இறங்குவதற்கு முதலில் ஏறவேண்டிய இடம் அது. சர்ச்சுவும் அப்படித்தான், தெற்கே பாராலாச்சா லா, வடக்கே நக்கீ லா. பாங்கில் இராணுவ முகாம் இருக்கிறது, ஆபத்தில் உதவி கிடைக்கும் என்பது உண்மையே. ஆனாலும் அதை நம்பித் திட்டம் போடுவது முறையல்ல.

ஆகவே "போவதா, திரும்புவதா" என்று தீர்மானிக்கவேண்டிய கடைசி இடம் ஜிங்ஜிங்பார். அங்கிருந்து தார்ச்சா வரை முழுவதும் இறக்கம். சைக்கிளை மிதிக்காமலே இறங்கிவிடலாம். அங்கே காலையில் எழுந்ததும் நால்வரும் ஒருவரையொருவர் விசாரிக்க வேண்டும். லேசான தலைவலி, பசியின்மை, சரியாக உறங்காமை என்றால் அங்கேயே இன்னொரு நாள் தங்கலாம்; குணமாகும்வரை மேலே ஒரு மீட்டரும் ஏறக்கூடாது. ஒரு நேர்க்கோட்டில் குதிகாலும் பெருவிரலும் ஒட்ட நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது, அல்லது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இருமலில் நுரை வருகிறது என்றால் காலைவரை காத்திராமல் இரவானாலும் இறக்கிவிட வேண்டும். முதலிரண்டும் மூளை வீங்குவதன் அடையாளம். மற்றவை நுரையீரலில் நீர் கோர்ப்பதன் அடையாளம். இரண்டும் சில மணி நேரத்தில் உயிரைக் கேட்பவை. நோயுற்றவரைத் தனியாக அனுப்பாதபடி இன்னொருவர் கூடவே இறங்க வேண்டும் என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. அங்கே போய்ப் பேசினால் ஆசை வென்றுவிடும்.

அசிட்டசோலமைடு என்னும் மாத்திரை, டயமாக்ஸ் என்ற பெயரில் மருந்துக் கடையில் தெரிந்தது, சரீரம் பழகுவதைத் துரிதப்படுத்துகிறது. மேலே ஏறத் தொடங்குவதற்கு முந்தின நாளிலிருந்து 125 மில்லிகிராம் வீதம் இருவேளை என்பது வழக்கம். அடிக்கடி சிறுநீர் கழியும், விரல் நுனிகள் மரத்தாற்போல் குறுகுறுக்கும். சல்ஃபா மருந்துகள் ஒவ்வாதவர்களுக்கு ஆகாமற்போகலாம். எனவே மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். மாத்திரை இருக்கிறதென்று ஓய்வு நாளை வெட்டுவது, குடை இருக்கிறதென்று ஆற்றில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

சரி, எத்தனை நாள் வேண்டும்? நான் போட்டுக் காட்டும் கணக்கு இது. வெள்ளி இரவு தில்லியில் பேருந்து ஏறி சனியன்று மணாலி. ஞாயிறு அங்கேயே ஓய்வு. திங்கள் மார்ஹி, ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான், ஆனால் 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றம். செவ்வாய் ரோஹ்தாங்கைத் தாண்டி சிஸ்ஸு. புதன் கேலாங் வரை சுலபமான பாதை. நடுவில் தாண்டி என்ற இடத்தில் சந்திரா ஆறும் பாகா ஆறும் கூடிச் செனாப் ஆவதைப் பார்க்கலாம். வியாழன் கேலாங்கில் ஓய்வு. வெள்ளி ஜிஸ்பா. சனி, தார்ச்சாவுக்கு மேலே பட்சியோ. இந்தப் பட்சியோவைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அங்கே தங்குவதற்குச் சொந்தக் கூடாரம் வேண்டியிருப்பதே காரணம். ஆனால் 3,800 மீட்டரை ஒட்டிய அந்த ஓரிரவுதான் ஜிஸ்பாவுக்கும் ஜிங்ஜிங்பாருக்கும் நடுவிலுள்ள பெரிய தாவலை இரண்டாய்ப் பிரிக்கிறது. அதற்காகவே ஒரு கூடாரத்தைச் சுமக்கலாம். ஞாயிறு ஜிங்ஜிங்பார், மிகக் குறுகிய பிரயாணம். திங்கள் பாராலாச்சாவைக் கடந்து சர்ச்சு. செவ்வாய் பாங். புதன் மோரே சமவெளியைக் கடந்து தெப்ரிங். வியாழன் தங்லங் லா ஏறி, மறுபுறம் நெடுந்தூரம் இறங்கி, சிந்து நதிக்கரையில் உப்ஷி. வெள்ளி லே. சனியும் ஞாயிறும் கையிருப்பு. திங்கள் விமானம்.

அலுவலக விடுப்பு பதினொரு நாட்கள் ஆகிறது. தம்பி கேட்டதைவிட ஆறு அதிகம். அந்த ஆறு நாட்களை மேலதிகாரி கொடுப்பாரா என்பதுதான் இந்தப் பிரயாணத்தின் முதல் ஏற்றம். கொடுக்கவில்லையென்றால் என்ன செய்வது? அதே ஒன்பது நாட்களில் மணாலி, மார்ஹி, ரோஹ்தாங், சிஸ்ஸு, கேலாங், ஜிஸ்பா வரை சென்று அதே வழியாகத் திரும்பட்டும். அதிலும் ஒரு மலைத்தொடரை முழுவதுமாக இருமுறை கடந்தாகிறது. ரோஹ்தாங்கை இரு பக்கத்திலிருந்தும் ஏறியவனை யாரும் குறைவாக எண்ணமாட்டார்கள்.

அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்டபின் ரோஹ்தாங்கை ஏறவேண்டிய அவசியமென்ன என்று கேட்கலாம். 9 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம் ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்தில் மலையைத் துளைத்துச் செல்கிறது. சாலையில் 46 கிலோமீட்டர் மிச்சம். சைக்கிள்காரருக்கு ரோஹ்தாங்கே மேல். பகலில் ஏறக்குறைய 4,000 மீட்டரைத் தொட்டு இரவில் 3,100க்கு இறங்கிப் படுப்பது சரீரத்திற்கு மிகச் சிறந்த பழக்கம். லே போகும் லாரிகள் பெரும்பாலும் சுரங்கத்துக்குள் போய்விட்டதால், பழைய நெரிசலும் அந்தப் பக்கத்தில் குறைந்திருக்கிறது.

மாதத்தையும் மாற்றச் சொல்வேன். ஜூலையில் மணாலிப் பக்கம் மழைக்காலம். 2023 ஜூலையில் பெய்த பெருமழையில் பியாஸ் ஆறு பெருகிக் குலு, மணாலி நெடுஞ்சாலையைப் பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது. ஜூலையில் இன்னொரு தொல்லை, பனியுருகி ஓடும் நீரோடைகள் சாலையின் குறுக்கே பெருகுவது. காலையில் கணுக்கால் அளவு ஓடும் ஓடை, வெயில் ஏறியபின் மாலையில் முழங்காலைத் தாண்டும். செப்டம்பர் பிற்பகுதிக்குத் தள்ளிப்போட்டாலும் ஆகாது. 2018 செப்டம்பரில் திடீரெனப் பெய்த பனியில் லாஹௌல் பள்ளத்தாக்கில் ஏராளமானோர் சிக்கிக்கொண்டார்கள். ஆகஸ்டு கடைசி வாரத்தில் புறப்பட்டு செப்டம்பர் நடுவில் லே சேர்வது உத்தமம். எந்த மாதமானாலும், விடிந்ததும் புறப்பட்டு நண்பகலுக்குள் கணவாயைத் தாண்டிவிட வேண்டும். மோரே சமவெளி நாற்பது கிலோமீட்டர் மேசைபோல் பரந்து கிடக்கும். பிற்பகலில் அங்கே எழும் எதிர்காற்றில், சமதரையிலும் இறங்கித் தள்ளவேண்டி வரும்.

சைக்கிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பி தன்னிடம் சாலை சைக்கிள் இருப்பதாகச் சொல்கிறாராம். அதன் கியரைப் பார்க்கட்டும். முன்புறச் சிறிய சக்கரத்தில் 34 பற்களும் பின்புறப் பெரிய சக்கரத்தில் 34 பற்களும் இருந்தால், ஒருமுறை மிதித்தால் சக்கரம் ஒருமுறை சுற்றும், ஏறத்தாழ 2.1 மீட்டர் போகும். நிமிடத்திற்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். 4,800 மீட்டரில் சுமையோடு அந்த வேகத்திற்கு மூச்சு இராது. ஐந்து, ஐந்தரைதான் வரும். அப்போது கால் மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு மிதியும் முழங்காலை முறிக்கும். முன்னே 26, பின்னே 36 என்று மாற்றிவிட்டால் அதே அறுபது சுற்றில் ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாய், சீராய் ஏறலாம். ஒல்லியான பந்தய டயர்களும் உதவா. சாலை பல இடங்களில் தார் பெயர்ந்து ஜல்லியும் சேறுமாய் இருக்கும். 38 அல்லது 40 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். டிஸ்க் பிரேக் இருந்தால் நல்லது. உதிரிக் கட்டைகள் இரண்டு ஜோடி. டியூப் மூன்று, பஞ்சர் ஒட்டும் சாமான், சங்கிலி இணைப்பு, சில கம்பிகள், பின்புறக் கியரைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு. இந்தக் கடைசிப் பொருள் சைக்கிளுக்குச் சைக்கிள் வேறுபடும். அது முறிந்தால் வழியில் எங்கும் கிடைக்காது.

பயிற்சிக்குப் பன்னிரண்டு வாரம் வேண்டும். பெங்களூரில் இருப்போருக்கு நந்தி மலையும், புனேயில் இருப்போருக்கு சிங்ககட் மலையும் உண்டு. ஒரே ஏற்றத்தை ஒரே காலையில் மூன்றுமுறை ஏறிப் பழகலாம். தில்லிக்காரருக்கு மேம்பாலம்தான் மலை. அதைவிட முக்கியம், சனியும் ஞாயிறும் தொடர்ந்து நான்கைந்து மணி நேரம், மூட்டைகளைக் கட்டிக்கொண்டே மிதிப்பது. முதல் நாளின் வலியோடு இரண்டாம் நாள் ஏறி உட்காரும்போதுதான் இருக்கையின் குறையும் முதுகின் குறையும் தெரியவரும்.

சாப்பாட்டைப் பற்றித் தாயார் கலங்க வேண்டாம். கோடையில் பரத்பூர், சர்ச்சு, பாங் ஆகிய இடங்களில் கூடாரக் கடைகள் இருக்கும். ராஜ்மா சாதம், ஆம்லெட், துக்பா, எங்கும் மேகி நூடுல்ஸ். இரவு படுக்க ரஜாயும் கொடுப்பார்கள். ஆயினும் செப்டம்பரில் சர்ச்சுவில் இரவு நீர் உறையும். நல்ல உறக்கப்பை அவசியம். உயரத்தில் பசி எடுக்காது. பசி எடுக்கும்வரை காத்திராமல் கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் சட்டைப் பையிலிருந்து வாயில் போட்டுக்கொண்டே போக வேண்டும். வழியில் பிராந்தி நாலா, விஸ்கி நாலா என்று இரண்டு ஓடைகள் வரும். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், தண்ணீர்தான் ஓடுகிறது! அவற்றுக்கிடையே காட்டா வளைவுகள், இருபத்தொரு கொண்டை ஊசி வளைவுகள். மூட்டை கட்டிய லாரி எதிரே வந்தால் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்து ஓரத்தில் ஒருபோதும் நிற்காதீர்கள்.

முதல்முறை செல்லும் நால்வர் கூட்டிச் செலவு செய்து ஒரு வண்டி அமர்த்திக்கொள்வதே என் அபிப்பிராயம். சுமையையும் ஒரு பிராணவாயு உருளையையும் அதில் வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்வது வீரத்துக்குக் குறைவு என்று சில வாலிபர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பாங்கில் நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் அந்த வண்டியின் அருமை விளங்கும்.

வீட்டிலிருப்போருக்கு ஒரு வார்த்தை. வெளிமாநில ப்ரீபெய்ட் எண்கள் லடாக்கில் இயங்குவதில்லை. போஸ்ட்பெய்ட் எண் வாங்கச் சொல்லுங்கள். அப்படியும் ஜிஸ்பாவுக்கும் உப்ஷிக்கும் நடுவில் கைபேசியை நம்ப இயலாது. மேற்சொன்ன கணக்கின்படி வெள்ளி இரவு ஜிஸ்பாவிலிருந்து பேசுவார். பிறகு வியாழன் மாலை உப்ஷியிலிருந்துதான். நடுவிலுள்ள ஐந்து நாட்கள் சத்தம் வராது. அது முன்பே தெரிந்திருந்தால் தாயார் தாங்கிக்கொள்வார். ஒவ்வோர் இரவும் தங்கும் இடம், கூடப்போகும் மூவரின் வீட்டு எண்கள், அவரவர் இரத்த வகை, வண்டி ஓட்டுநரின் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகட்டும். வியாழன் பேசாவிட்டால் வெள்ளி இரவுவரை பொறுக்கலாம், அதற்குமேல் யாரை அழைப்பது என்பதும் அதில் இருக்கட்டும்.

லேயில் கையிருப்பு நாட்கள் மீந்தால், அந்த ஞாயிறு காலை மொராவியச் சபையின் ஆராதனைக்குப் போகலாம். இந்தச் சபையின் ஊழியர்கள் 1850களிலேயே கேலாங்கிலும் 1885இல் லேயிலும் வந்து தங்கியவர்கள். ரோஹ்தாங்கை அவர்கள் நடந்தும் குதிரையிலும் கடந்தார்கள். தம்பி அப்போதுதான் கடந்து வந்த அதே கணவாய்.

திரும்புவதற்கு சைக்கிளை விமானத்தில் ஏற்ற அட்டைப்பெட்டி வேண்டும். லேயில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல், அமர்த்தும் வண்டியில் மடித்து வைத்துக் கொண்டுபோகட்டும். பெடல்களைக் கழற்றி, கைப்பிடியைத் திருப்பி, டயரின் காற்றைக் குறைத்துக் கட்டவேண்டும். கூடாரத்தில் சமைக்க எடுத்துப்போன எரிவாயு டப்பாவை விமானத்தில் அனுமதிக்கமாட்டார்கள். அதை லேயில் அடுத்துப் புறப்படும் யாருக்காவது கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.